எந்தக் கடிகாரம் சரி?



1996 மே மாதத்தை எங்கள் வகுப்பார் மறந்திருக்கமாட்டார்கள். நாங்கள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த வருடம். நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். லயத்தில் மணி சொன்னால், "பழைய நேரமா, புது நேரமா?" என்பார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. அன்று எங்களுக்கு அது வேடிக்கை.

வைத்தியரான பிறகு அதே கேள்வி என்னை உலுக்கியது. நான் முன்பு வேலை செய்த ஒரு வைத்தியசாலைக்குப் பாரிசவாதம் வந்த ஒரு தாயைக் கொண்டுவந்தார்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். சுவர்க் கடிகாரத்துக்கும் ஸ்கேன் படத்தில் பதிந்த நேரத்துக்கும் பதினேழு நிமிட வித்தியாசம். ஒன்றின்படி நேரம் இருந்தது, மற்றதன்படி முடிந்திருந்தது. வருத்தம் தொடங்கியதை மகள் தன் கைத்தொலைபேசியில் பார்த்திருந்தார். அதே கைத்தொலைபேசியில் கணக்குப் பார்த்து ஊசியைப் போட்டோம். அந்தத் தாய் நடந்தே வீடு போனார். ஆனால் எந்தக் கடிகாரம் சரி என்று நாங்கள் தேடிய நிமிடங்கள் இன்னும் என் மனதில் இருக்கின்றன.

பிறகு ஒரு பொறியியலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜீபிஎஸ் செய்மதிகளில் அணுக் கடிகாரங்கள் உண்டு. அவற்றைக் கேட்கும் சிறு கருவி செக்கனுக்கு ஒரு மின் துடிப்பைத் தரும், நாடித் துடிப்புப் போல. அது செக்கன் தொடங்கும் கணத்தை மிகத் துல்லியமாகக் காட்டும். மணி எத்தனை என்ற செய்தி தனியாக, சற்றுப் பிந்தி வரும். துடிப்பு வரும்போது கணினி வேறு வேலையில் இருந்தால், அதை நிறுத்திவிட்டுத்தான் நேரத்தைக் குறிக்கும். அந்தத் தாமதம் ஒரே அளவாக இராது. யூஎஸ்பி வழியாக வந்தால் ஒரு மில்லி செக்கன் அளவுக்கும் போகலாம். இதற்கென்றே செய்த வன்பொருளோ, துடிப்பு வந்த கணத்திலேயே எண்ணிக்கையைப் பிடித்து வைத்துவிடும். கணினி ஆறுதலாக வந்து வாசிக்கலாம்.

வார்ட்டுக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை. நிமிடம் ஒத்தால் போதும். ஆனாலும் பாடம் ஒன்றுதான்: நடந்த கணத்திலேயே குறிக்கவேண்டும், எல்லோரும் ஒரே கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். இப்போது என் வார்ட்டில் திங்கள்தோறும் ஒரு தாதி எல்லாக் கருவிகளின் நேரத்தையும் ஒத்துப் பார்க்கிறார். ஊசி போட்டவர் அந்த இடத்திலேயே நேரத்தை எழுதுகிறார். வேலை முடிந்தபின் ஞாபகத்திலிருந்து எழுதுவதில்லை.

வட்டவளை மழையில் தகரக் கூரைச் சத்தத்துக்குள் மணி கேட்காமல், ரயிலை வைத்து நேரம் சொன்னவர்கள் நாங்கள். ரயில் பிந்தினால் எங்கள் நேரமும் பிந்தும்! ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது வாய் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள்; வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள அவசர இலக்கத்தை அழையுங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை எழுதி வையுங்கள். எந்தக் கடிகாரத்தில் பார்த்தீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.