குண்டு எங்கே போய் நிற்கும்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பத்தி ஏதாவது பேசுப்பா" என்றுதான் செயலாளர் சொன்னார். நான் ஓசூரில் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக்கல் இன்ஜினியர். அதைப் பற்றிப் பேசினால் கடைசி வரிசைத் தம்பிகள் கேண்டீனுக்குப் போய்விடுவார்கள். அதனால் என் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுகிறேன். குறி பார்த்துச் சுடுவது என் பொழுதுபோக்கு. துப்பாக்கி என்றதும் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. பயப்பட வேண்டாம், கையில் எதுவும் கொண்டு வரவில்லை.

2008 ஆகஸ்டு 11-ஆம் தேதி பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கினார். தனிநபர் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம். அப்போது நாங்கள் மூன்றாம் ஆண்டு. ஹாஸ்டல் டி.வி. அறையில் போட்ட கூச்சலில் வார்டனே இறங்கி வந்துவிட்டார். பிந்த்ரா தன் வீட்டிலேயே ரேஞ்ச் கட்டி வைத்துப் பழகியவர் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. துப்பாக்கி இருந்தால் போதும் என்று நினைத்தோம்.

துப்பாக்கியும் கிடைத்தது. அறை நண்பன் ஒருவன், தோட்டத்தில் குரங்கு விரட்ட அவன் அப்பா வைத்திருந்த பழைய ஏர் ரைபிளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். எங்கே சுடுவது? ஹாஸ்டல் மொட்டை மாடி ஆபத்து என்கிற அளவுக்கு அறிவு இருந்தது. ஊருக்கு வெளியே, தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரிக்குப் போனோம். ஆள் நடமாட்டமே இல்லை. இதைவிடப் பாதுகாப்பான இடம் ஏது என்று பேசிக்கொண்டோம். ஒரு கருங்கல் பாறை மேல் காலி டின்னை வைத்து, பதினைந்து அடி தள்ளி நின்று சுட ஆரம்பித்தோம்.

நாலாவதோ ஐந்தாவதோ சுட்டது நான். டின் விழவில்லை. பாறையில் 'டங்'கென்று ஒரு சத்தம். அடுத்த நொடி கருவேலம் புதருக்குள்ளிருந்து ஒரு பையன் கத்தினான். ஆடு மேய்க்கிறவன், பத்து வயது இருக்கும். பாறையில் பட்டுத் தெறித்த ஈயம் அவன் வலது கண்ணுக்குக் கீழே கிழித்திருந்தது. கண்ணுக்கும் காயத்துக்கும் நடுவே என் சுண்டு விரல் அகலம்தான் இடைவெளி. சைக்கிளில் உட்கார வைத்து டாக்டரிடம் கொண்டு போனோம். மூன்று தையல் போட்டார்கள்.

அவன் அம்மா வந்தார். அடிப்பார், போலீசுக்குப் போவார் என்று நடுங்கிக்கொண்டு நின்றோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏம்ப்பா, படிச்ச பசங்கதானே, அது எங்க போய் நிக்கும்னு பாத்துட்டுச் சுட மாட்டீங்களா?"

பின்னாளில் ரைபிள் கிளப்பில் சேர்ந்தபோது பயிற்சியாளர் சொன்ன பாதுகாப்பு விதிகளில் அதுவும் ஒன்று. குறியை மட்டும் பார்க்காதே, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். அந்த அம்மா எந்த கிளப்பிலும் படித்தவர் அல்ல.

நண்பர்களே, அன்று நாங்கள் செய்த தவறு, காலியான இடத்தைப் பாதுகாப்பான இடம் என்று நம்பியது. நம்மூரில் காலி இடம் என்று ஒன்று கிடையாது. ஏரிக்குள் ஆடு மேயும், கரைக்குப் பின்னால் யாராவது விறகு பொறுக்குவார்கள், மலையடிவாரத்தில் ஒரு வீடு இருக்கும். குண்டு நிற்கிற இடத்தை முன்கூட்டியே நாம் முடிவு செய்து வைத்திருந்தால்தான் அது பாதுகாப்பான இடம்.

ரேஞ்ச் என்று பெயர்ப் பலகை இருந்தாலும் போதாது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே உள்ள துப்பாக்கி சுடும் தளத்தில் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்தது. தளத்துக்கு வெளியே, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும், 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துவிட்டான். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் பையனுக்கு மூன்று தையலோடு போனது என் திறமையால் அல்ல, அதிர்ஷ்டத்தால்.

கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், இன்ஜினியரிங் கல்லூரி மேடை இல்லையா! போட்டிக்கான ஏர் ரைபிள் பெல்லட் 4.5 மில்லிமீட்டர் விட்டம், சுமார் அரை கிராம் எடை. வேகம் நொடிக்கு 170 மீட்டர் அளவு. ஆற்றல் ஏழரை ஜூல் வரும். ஒரு கிலோ படிக்கல் முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஆனால் அவ்வளவும் ஒரு மிளகு அளவு இடத்தில் இறங்குகிறது. என்.சி.சி.யில் சுடுகிற .22 ரைபிளோ சுமார் 140 ஜூல். அந்தத் தோட்டா ஒரு மைலுக்கு மேல் போகும். அதற்குப் பெரிய மண் அணை வேண்டும், பின்னால் நிலம் வேண்டும், முறையான அனுமதி வேண்டும். அது நம்மால் ஆகிற காரியம் இல்லை. ஏழரை ஜூலை நிறுத்துவது ஆகிற காரியம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் வரை விட்டமும் 20 ஜூல் வரை ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. தம்பிகள் இதைப் பாதி மட்டும் கேட்டுக்கொள்ளக் கூடாது. உரிமம் வேண்டாம் என்றால் எங்கே வேண்டுமானாலும் சுடலாம் என்று அர்த்தம் இல்லை. பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 125-ஆம் பிரிவு இருக்கிறது. காட்டுப் பறவையைச் சுட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

சரி, ஆசை உள்ள பிள்ளை எங்கே போவது? கிரிக்கெட்டுக்கு ஒரு பொட்டல் போதும். இதற்குச் சுவர் வேண்டும். நமக்கு அருகில் உள்ள ரைபிள் கிளப் 70 கிலோமீட்டர், இரண்டு பஸ் மாற வேண்டும். 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கிய மனு பாக்கர், ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்தில் தான் படித்த பள்ளியில் இருந்த ரேஞ்சில்தான் சுடத் தொடங்கினார். நம் கடலூரில் பிறந்து இரண்டு ஒலிம்பிக்கில் ஆடிய இளவேனில் வாலறிவன் வளர்ந்ததும் பழகியதும் அகமதாபாத்தில். பக்கத்தில் ஓர் இடம் இருந்ததுதான் இவர்கள் இருவருக்கும் தொடக்கம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் நம் பழைய டிராயிங் ஹால் பூட்டிக் கிடக்கிறது. டிராஃப்டரோடு நாம் மல்லுக்கட்டிய அதே ஹால்தான். கம்ப்யூட்டர் வந்த பிறகு உடைந்த ஸ்டூல்கள்தான் அங்கே குடியிருக்கின்றன. நேற்று டேப் வைத்து அளந்தேன். உள்நீளம் 18 மீட்டர். 10 மீட்டர் ரேஞ்சுக்குத் தாராளம். ஆனால் ஐந்து காரியம் செய்தாக வேண்டும்.

ஒன்று, முடிவுச் சுவர். ஒவ்வொரு குறிக்கும் பின்னால் சாய்வான எஃகுத் தகடு. மேல் விளிம்பு சுடுபவர் பக்கம் முன்தள்ளியும் கீழ் விளிம்பு பின்வாங்கியும் இருந்தால் பெல்லட் கீழே உள்ள பெட்டிக்குள் விழும். பாறையிலிருந்து திரும்பி வந்த மாதிரி திரும்பாது.

இரண்டு, பக்கவாட்டு. இடப்பக்க ஜன்னல்களை ஆள் உயரத்துக்கு மேல் அடைக்க வேண்டும். வலப்பக்கம் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. யாராவது ஸ்டூல் எடுக்கத் திறந்தால் நேராகக் குறிக்கு முன்னால் வந்து நிற்பார். பூட்டு போதாது. அதைச் செங்கல் வைத்து மூடிவிட வேண்டும்.

மூன்று, வாசல் ஒன்றே ஒன்று. அதுவும் சுடுபவர்களின் முதுகுக்குப் பின்னால்.

நான்கு, குரல் ஒன்று. 'ஸ்டாப்' என்று பொறுப்பாளர் சொன்னால் எல்லோரும் சுடுவதை நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து கீழே வைக்க வேண்டும். அது சேர்மனாக இருந்தாலும் சரி. துப்பாக்கிகள் இரட்டைச் சாவி போட்ட பீரோவில். எடுத்ததும் வைத்ததும் பதிவேட்டில்.

ஐந்து, ஈயம். அது மெதுவாகக் கொல்கிற குண்டு. ரேஞ்சுக்குள் டீ, வடை கிடையாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தரையைத் துடைப்பத்தால் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

"படிக்கிற இடத்துல துப்பாக்கி எதுக்குப்பா?" என்று காலையில் ஓர் ஆசான் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: சார், ஆசை வந்த பையன் எப்படியும் சுடுவான். சுவருக்கு முன்னால் சுடவில்லை என்றால் பாறைக்கு முன்னால் சுடுவான். நானே சாட்சி. ஆனால் இன்னொன்றும் சொல்கிறேன். இந்த ஐந்தில் ஒன்றைச் செய்ய முடியாமல் போனாலும் ஹால் பூட்டியே கிடக்கட்டும். சட்டத்தில் விலக்கு இருந்தாலும் காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, தகுதியுள்ள பயிற்சியாளர் வந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே முதல் பெல்லட். தகடும் வெல்டிங்கும் எங்கள் 2010 பேட்ச் பொறுப்பு. சிவில் நண்பர்கள் கதவையும் ஜன்னலையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட வேண்டும். அவர்கள் ஏரியில்தானே நாங்கள் சுட்டோம்!

அந்தப் பையன் இப்போது பெரியவன் ஆகிவிட்டார். நம் கேண்டீனுக்குப் பால் ஊற்றுகிறார். இன்று காலை பார்த்தேன். தழும்பு மெலிதாக இருக்கிறது. "அண்ணே, இன்னும் சுடறீங்களா?" என்று கேட்டார். "சுடறேன் தம்பி, இப்போ பாத்துச் சுடறேன்" என்றேன். அவருக்கு முதல் வகுப்பில் படிக்கிற ஒரு மகள் இருக்கிறாளாம். ஹால் தயாராகி, அவளுக்கும் வயது வந்து, ஆசையும் இருந்தால், அந்த வாசல் வழியாக அவளும் வர வேண்டும் என்பது என் விருப்பம்.