மளிகைச் சீட்டில் ஒரு காபித்தூள்

கடையில் நாம் ஏன் ஒன்றை எடுக்கிறோம், இன்னொன்றைத் தொடாமல் வருகிறோம் என்று ஆராய்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு காபிக் கதை.

வெந்நீரில் கலக்கினால் போதும் என்று நெஸ்கஃபே அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. இல்லத்தரசிகள் பலர் வாங்கவில்லை. ஏன் என்று கேட்டால், ‘ருசி பிடிக்கவில்லை’ என்றார்கள். மேசன் ஹேர் என்ற உளவியலாளருக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை வரவில்லை. இரண்டு மளிகைச் சீட்டுகளை எழுதினார். ரொட்டி, கேரட், உருளைக்கிழங்கு, டப்பாவில் அடைத்த பீச் பழம் என்று இரண்டிலும் அதே சாமான்கள். காபி மட்டும்தான் வேறு: ஒன்றில் நெஸ்கஃபே, மற்றதில் வடித்துக் குடிக்கிற மாக்ஸ்வெல் ஹவுஸ் தூள். ஐம்பது பெண்களுக்கு ஒரு சீட்டு, வேறு ஐம்பது பேருக்கு மற்றது. “இதையெல்லாம் வாங்கியவள் எப்படிப்பட்டவள்?” என்று கேட்டார்.

நெஸ்கஃபே சீட்டைப் பார்த்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அவளைச் சோம்பேறி என்றார்கள். மற்றச் சீட்டுக்கு அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு நான்கு பேர். 1950-இல் வெளியான ஆய்வு இது. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற கூச்சத்துக்கு நாக்கின் மேல் பழி போட்டிருக்கிறார்கள்! விருந்தாளிக்கு இன்ஸ்டன்ட் காபி கொடுக்கத் தயங்கிய நம் வீட்டு மாமிகளுக்கு இதைச் சொல்ல ஓர் ஆய்வாளர் தேவைப்பட்டிருக்க மாட்டார். 1970-இல் வேறு இருவர் அதே சோதனையை மறுபடி செய்து வெளியிட்டபோது, அந்தச் சோம்பேறிப் பட்டம் வெகுவாகக் குறைந்துபோயிருந்தது.

பிறகு, வாங்குபவரிடம் கேட்கவே வேண்டாம் என்ற காலம் வந்தது. 1974 ஜூனில் ஓஹையோ மாநிலத்து டிராய் ஊரில் ஒரு சூயிங் கம் பாக்கெட்டின் பார்கோடு முதன்முதலாகக் கல்லாவில் படிக்கப்பட்டது. அதிலிருந்து, வாங்கியது என்ன என்று இயந்திரமே எழுதிவைத்துக்கொள்கிறது. இன்று கைப்பேசியில் எந்தப் படத்தில் விரல் நின்றது என்பதுவரை பதிவாகிறது.

இப்போது ஆட்களுக்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவிடமே கருத்துக் கேட்டுப் பார்க்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஜனங்கள் வெளியே சொன்னதைப் படித்துத்தானே அது பேசுகிறது? நெஸ்கஃபே ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் அதுவும் ருசியைத்தான் சொல்லும்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஹேர் தோண்டி எடுத்த அதே கூச்சத்தை வைத்து இன்று வியாபாரம் நடக்கிறது. விமான டிக்கெட் எடுக்கும்போது காப்பீடு வேண்டாம் என்றால், ‘நான் பாதுகாப்பில்லாமல் இருந்துகொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். வேண்டாம் என்பவரைக் குற்றவாளியாக்கும் தந்திரம் இது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. கேட்காமலே கூடையில் பொருளைச் சேர்ப்பது, ‘இன்னும் இரண்டுதான் பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, எல்லாம் அதில் உண்டு.

அடுத்த முறை அப்படியொரு பொத்தான் கண்ணில் பட்டால், கூச்சப்படாமல் ‘வேண்டாம்’ என்பதை அழுத்துங்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் சொல்லுங்கள். அந்த அழைப்புக்குக் கட்டணம் கிடையாது.