தராசு இருந்த கடை



கும்பகோணத்தில் என் அப்பா பாத்திரக் கடை வைத்திருந்தார். சீர் வாங்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். அடி ஓட்டையான பித்தளைக் குடம், நசுங்கிய அண்டா, விளிம்பு பிய்ந்த செம்பு எல்லாம் சாக்கில் வரும். அப்பா தராசில் நிறுத்து, பற்றுக்கும் அழுக்குக்கும் கொஞ்சம் கழித்து, மீதியைப் புதுப் பாத்திரத்தின் விலையில் தள்ளிக் கொடுப்பார். பழையது பட்டறைக்குப் போய் உருகி, மறுபடி குடமாகத் திரும்பும். பட்டம் பெறும் மாணவர்களே, சுழற்சிப் பொருளாதாரம் என்று இன்று நீங்கள் படிப்பது எங்கள் கடையில் அன்றாட வழக்கம்.

அதே இடத்தில் இப்போது என் அண்ணன் மகன் செல்போன் விற்கிறான். தராசு பரணுக்குப் போய்விட்டது. போன வருஷம் ஒரு அம்மா, பேட்டரி உப்பிப் பின்மூடி பிளந்த போனைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து, "இதை எங்கேப்பா போடுறது?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. எக்ஸ்சேஞ்ச் ஆஃபரெல்லாம் பெரும்பாலும் ஓடுகிற போனுக்குத்தான். ஓடாதது மேஜை டிராயரில் கிடக்கும். இல்லையென்றால் குப்பையோடு போகும். வண்டியில் நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கலாம். காயலான் கடைக்குப் போனால், செம்புக்காக ஒயரைக் கொளுத்துவார்கள், தங்கத்துக்காக போர்டை அமிலத்தில் முக்குவார்கள். அந்தப் புகை கூலிக்காரர் நெஞ்சில்தான் இறங்குகிறது.

2022-ல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அறிக்கை. முறைப்படி மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் வந்தது நாலில் ஒரு பங்குகூட இல்லை. 2023 ஏப்ரல் முதல் நம் நாட்டில் நடப்பிலுள்ள விதிகள் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகின்றன. சரிதான். ஆனால் அந்த அம்மாவுக்குத் தெரிந்த முகம் கடைக்காரர்தானே! ஐரோப்பிய ஒன்றியத்தில், மின்பொருள் விற்குமிடம் 400 சதுர மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், எந்தப் பக்கமும் 25 சென்டிமீட்டரைத் தாண்டாத பழைய சாதனங்களைக் கடை இலவசமாகப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது பொது விதி. புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

உங்களில் சிலர் பெரிய கடைகளின் கொள்முதல் பிரிவில் உட்காரப் போகிறீர்கள். ஆர்டர் போடுமுன் கம்பெனிக்காரரிடம் கேளுங்கள்: உதிரிபாகம் எத்தனை வருஷம் கிடைக்கும்? பேட்டரியைக் கழற்ற முடியுமா, பசை போட்டு ஒட்டியிருக்கிறீர்களா? ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அண்ணன் மகன் இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில், பழைய போன்களைப் போட மணல் நிரப்பிய தகரப் பெட்டி வைத்திருக்கிறான். சேர்ந்ததைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்புகிறான். அடுத்து ரிப்பேர் மேஜை போடப் போகிறான். சால்டரிங் கை பழகிய ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் விழா முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.