உங்கள் மார்க், உங்கள் சொத்து



நம் திருமுல்கேரியில் சொந்தத் தொழில் செய்பவர்கள் உண்டு. ஊறுகாய் போடுகிறார்கள். பொடி அரைக்கிறார்கள். இட்லி மாவு விற்கிறார்கள். சரக்குக்கு ஒரு பெயரோ படமோ வைத்துப் பதிவு செய்தவர்களும் இருக்கலாம். அந்தப் பதிவைப் புதுப்பிப்பது எப்படி? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

எழுத்துத் தெரியாதவர் கடையில் எப்படிக் கேட்பார்? "மயில் படம் போட்ட பாக்கெட் கொடுங்கள்" என்பார். அந்த மயில்தான் டிரேட் மார்க். தமிழில் வணிகச் சின்னம். அதை நம்பித்தான் மக்கள் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கை பல வருட உழைப்பில் வந்தது. ஆகவே அது ஒரு சொத்து.

ஜி.எஸ்.டி. எண் வேறு. உணவு உரிமம் வேறு. டிரேட் மார்க் பதிவு வேறு. ஒன்று இருந்தால் மற்றது இருப்பதாக நினைக்கக் கூடாது.

டிரேட் மார்க் பதிவின் ஆயுள் பத்து ஆண்டு. பிறகு பத்துப் பத்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். 1999ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

பத்து ஆண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

ஓர் அக்கா மயில் மார்க்குக்கு 2017 ஜூன் 12இல் விண்ணப்பம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். சான்றிதழ் 2018இல் வந்தது. அவருடைய கெடு 2028 அல்ல. 2027 ஜூன் 12. அதற்கு ஓர் ஆண்டு முன்பிருந்தே அவர் புதுப்பிக்கலாம்.

கட்டணம் எவ்வளவு? கணினி வழியாகக் கட்டினால் 9,000 ரூபாய். காகிதத்தில் கொடுத்தால் 10,000 ரூபாய். இது ஒரு வகைச் சரக்குக்கு. படிவத்தின் பெயர் டி.எம்.-ஆர்.

கெடு தாண்டினால்? முதல் ஆறு மாதத்துக்குள் 4,500 ரூபாய் கூடுதல். மொத்தம் 13,500. ஆறு மாதமும் தாண்டினால், ஓர் ஆண்டுக்குள் மீட்கலாம். அதற்கு மொத்தம் 18,000. இவை கணினி வழிக் கட்டணங்கள்.

அதையும் விட்டால் பதிவு போய்விடும். புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இடையில் வேறொருவர் அதே பெயரைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அப்போது பழைய பில்களைக் காட்டி, கோர்ட்டு வரை போய், "இது என் பெயர்" என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.

9,000 ரூபாய் பெரிய தொகைதான். ஆனால் பத்து ஆண்டுக்கு 120 மாதம். மாதம் 75 ரூபாய் சேர்த்தால் போதும். மகளிர் குழுவில் சேமிக்கும் தாய்மார்களுக்கு இது முடியாத காரியமா?

"கெடு வந்தால் ஆபீசிலிருந்து கடிதம் வருமே" என்று சிலர் சொல்வார்கள். அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது சட்டம்தான். பாடநூல் வெளியிடும் மல்ஹோத்ரா புக் டிப்போவின் வழக்கில் 2013இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அறிவிப்பு அனுப்பாமல் மார்க்கை நீக்கக் கூடாது என்றது. ஆனால் அதற்கு அவர்கள் கோர்ட்டு ஏற வேண்டியிருந்தது. நம்மால் முடியுமா? கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள். வீடு மாறினால் புது முகவரியையும் பதிவு செய்யுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அரசுக் கடிதம் போலவே தனியார் சிலர் கடிதம் அனுப்பிப் பணம் கேட்பதுண்டு. பல நாடுகளில் இந்த மோசடி நடக்கிறது. கடிதத்தில் உள்ள கணக்கில் உடனே பணம் போடாதீர்கள். தெலங்கானாவுக்கு உரிய பதிவு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. உங்கள் பதிவின் நிலையை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வக்கீல் மூலம் கட்டினாலும் அரசு ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

மயிலின் படத்தை அடியோடு மாற்றிவிட்டீர்களா? பழைய பதிவைப் புதுப்பித்தால் புதுப் படத்துக்குக் காவல் கிடைக்காது. அதற்குத் தனி விண்ணப்பம் வேண்டும்.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் பெட்டியில் உள்ள சான்றிதழை எடுங்கள். நீங்களே எழுத்துக் கூட்டிப் படியுங்கள். விண்ணப்பத் தேதியைக் கண்டுபிடியுங்கள். பத்தைக் கூட்டுங்கள். அந்தத் தேதியைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.