வேண்டுதலும் நடுங்கும் கையும்

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு, 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றி, "இனிமேல் தொடமாட்டேன்" என்று அண்ணாமலையாரிடம் சொல்லிவிட்டுக் குடியை விடுகிறவர்கள் உண்டு. அந்த உறுதியைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், மூளை உடனே ஒத்துழைக்காது.

மது மூளையை அமர்த்திவைக்கும். அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். மது திடீரென்று நின்றால் அந்த வேகத்துக்குக் கடிவாளம் இல்லை. கை நடுங்கும், தூக்கம் போகும். சிலருக்கு இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். பிறகு இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும். இதைச் சாமி குத்தம் என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். உயிருக்கே ஆபத்து. மருத்துவர் டயஸிபாம் போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். வைட்டமின் பி1 சேர்ப்பார்.

சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். 1980-இல் சென்னையில் அவர் தொடங்கிய டி.டி.கே. குடிநோய் சிகிச்சை மையத்தில் குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை. அரசின் போதை மீட்பு உதவி எண்ணான 14446-இல் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். வேண்டிக்கொள்ளும் அன்றே கேளுங்கள்.