மூன்றாம் நாளில் துணை நிற்போம்

(யூபிலி ஆண்டில் நடைபெற்ற பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நமக்குக் கொடியேற்றமும், சப்பரப் பவனியும், அசன விருந்துமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் காட்டும் யூபிலி அதனினும் பெரிது. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்கும். அடிமைப்பட்டவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்திற்குத் திரும்புவான். விடுதலையும் வீடு திரும்புதலும் சேர்ந்ததே யூபிலி. அந்த எண்ணத்தோடு, நம் பிள்ளைகளைப் பிடித்திருக்கும் ஓர் அடிமைத்தனத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

முதலில் நம் தவறு ஒன்றை அறிக்கையிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் பீடச் சிறுவன் ஒருவனின் சட்டைப் பையிலிருந்து பேனா போன்ற ஒரு பொருள் கீழே விழுந்தது. அது இ-சிகரெட், பிள்ளைகள் 'வேப்' என்கிறார்கள். நாம் என்ன செய்தோம்? மற்றச் சிறுவர்களின் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டோம். தந்தையை வரவழைத்தோம். பீடப் பணியிலிருந்து நீக்கினோம். பீடத்தின் தூய்மையைக் காத்துவிட்டதாக நிம்மதியடைந்தோம். அவனோ அன்று முதல் கோயிலுக்கே வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து அவன் தாயார் வந்து, "சாமி, பிள்ளை சரியா சாப்பிடவும் மாட்டேங்கான், பேசவும் மாட்டேங்கான்" என்று அழுதார். நாம் அவர்கள் வீட்டிற்குச் சென்று அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் சொன்ன பதில் இன்னும் நம் காதில் ஒலிக்கிறது: "ஃபாதர், நானா ரெண்டு தடவை விட்டுப் பார்த்தேன். மூணாவது நாள் முடியலை. யார்கிட்ட போய்ச் சொல்ல?" அவனுடைய சம்மதத்தோடுதான் இதை இங்கே சொல்கிறோம்.

அன்பர்களே, அந்த மூன்றாம் நாளைப் பற்றி மருத்துவர்களும் சொல்கிறார்கள். புகையிலையில் உள்ள நிக்கோட்டின் என்னும் நச்சு மூளையைப் பழக்கப்படுத்திவிடுகிறது. அதை நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, மனச்சோர்வு, படிப்பில் நாட்டமின்மை ஆகியவை வரும். இவை இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடைந்து, பின்பு சில வாரங்களில் தணியும். மனிதனின் மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டிருப்பதால், இளம் வயதில் இப்பழக்கம் எளிதில் வேரூன்றுகிறது. ஆகவே அந்தப் பிள்ளை தோற்றது திமிரினால் அன்று, தனிமையினால்.

இந்தக் கருவி எப்படி வந்தது? 2003இல் சீன நாட்டு மருந்தாளர் ஒருவர், புகைப்பவர்கள் சிகரெட்டை விடுவதற்கு உதவும் என்றே இதை உருவாக்கினார். ஆனால் விடுவதற்கென வந்த வழி, பிள்ளைகள் நுழையும் வாசலாகிவிட்டது. நிக்கோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்கி, அந்த ஆவியை உள்ளிழுக்கிறார்கள். மாம்பழ வாசனையும் புதினா வாசனையும் வருமேயன்றிப் புகை நாற்றம் வராது. அதனால் பெற்றோருக்குத் தெரிவதில்லை. தமிழக அரசு 2018இலும், மத்திய அரசு 2019இலும் இதைத் தடை செய்தன. முதல்முறை விற்று அகப்பட்டால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் குறிவைப்பது முதலில் விற்பவனை. நாமோ பிள்ளையைக் குறிவைத்தோம்!

இன்னொன்று, உதட்டினுள் ஒதுக்கி வைக்கும் 'கூல் லிப்' என்னும் சிறு பொட்டலம். பள்ளி மாணவர்களிடையே இது பரவுவதைக் குறித்து 2024இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது. பாளையங்கோட்டையின் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் நம் வண்ணார்பேட்டை வழியாக எத்தனை பிள்ளைகள் நாள்தோறும் செல்கிறார்கள்! கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்திற்குள் புகையிலை விற்கக்கூடாது. 18 வயது நிரம்பாதவருக்கு எங்குமே விற்கக்கூடாது. இது 2003ஆம் ஆண்டுச் சட்டம். கடை வைத்திருக்கும் நம் பங்கு மக்கள் இதை மனச்சான்றோடு நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம்.

புகையிலை நமக்கு அந்நியப் பொருளும் அன்று. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பகுதிகளில் எத்தனையோ தாய்மார்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்தக் கைகளை நாம் குறை கூறோம். ஆனால் "கடைக்குப் போய் ஒரு சிகரெட் வாங்கிட்டு வாலே" என்று மகனை அனுப்பும் தந்தை, அவனுக்கு எந்தப் பாடத்தைக் கற்பிக்கிறார்? நம் உடல் தூய ஆவியின் ஆலயம் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியது மகனுக்கு மட்டுமா, தந்தைக்கும் அல்லவா?

இனிச் செய்ய வேண்டியவை எவை?

முதலாவது, பெற்றோர் அடிக்காமல், ஊரறியச் செய்யாமல் தனியே அமர்ந்து கேளுங்கள். எப்போது தொடங்கியது, யாரோடு, எந்த நேரத்தில் மனம் தேடுகிறது என்று கேளுங்கள். நீங்களும் புகைப்பவராயின், "இருவரும் சேர்ந்தே விடுவோம்" என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, இளைஞரே, ஒரு நாளைக் குறித்து, வைத்திருப்பதை எறிந்துவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அடக்கமுடியாத அந்த ஆசை சில நிமிடங்களே நீடிக்கும். தண்ணீர் குடியுங்கள், நண்பனோடு ஆற்றங்கரை வரை நடந்து வாருங்கள், சிறு செபம் சொல்லுங்கள். தவறினால் மறுநாளே மீண்டும் தொடங்குங்கள்.

மூன்றாவது, செபத்தோடு மருத்துவமும் தேவை. 1800-112-356 என்ற தேசிய உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கமில்லை. நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவற்றை மருத்துவர் சொல்லாமல் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அயர்லாந்து நாட்டுத் தொழிலாளி மத்தேயு டால்பட் சிறு வயதிலேயே குடிக்கு அடிமையானவர். 1884இல், தம் 28ஆம் வயதில், குடிக்கமாட்டேன் என்று வாக்களித்தார். ஆயுள் முழுவதற்குமா? இல்லை, மூன்று மாதத்திற்கு மட்டும்! அதைப் புதுப்பித்துப் புதுப்பித்தே, 1925இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் இறக்கும் வரை நிலைத்து நின்றார். புகையிலையையும் விட்டார். 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

நம் பிள்ளையும் அப்படித்தான். முதல் மூன்று நாட்கள் தாயார் இரவில் விழித்திருந்தார். தந்தை தம் பீடிக்கட்டைத் தூக்கி எறிந்தார். நாம் மாலைதோறும் அவனோடு நடந்தோம். ஒருமுறை தவறினான், மீண்டும் எழுந்தான். பாஸ்கு இரவில் மறுபடி பீடத்தருகே மெழுகுதிரி ஏந்தி நின்றான். இப்போது வெளியூரில் படிக்கிறான்.

நம் பேட்டையையும் சந்திப்பையும் இணைக்கும் பாலத்தை நினையுங்கள். 1843இல் திறக்கப்பட்ட அதைச் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டினார். தாமிரவருணியைக் கடக்க இயலாமல் தவித்தவர்களைக் கரையில் நின்று அவர் ஏசவில்லை, பாலம் அமைத்தார். பங்கு மக்களாகிய நாமும் அவ்வாறே செய்வோம். நம் ஆண்டவர் உயிர்த்தது மூன்றாம் நாளில். நம் பிள்ளைகள் தடுமாறுவதும் மூன்றாம் நாளில்தான். அன்று எந்தப் பிள்ளையும் தனியே நிற்கலாகாது. அதுவே இந்த யூபிலியில் நாம் ஊதும் எக்காளமாகட்டும்.

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக! ஆமென்.