விரத நாட்களில் தசையும் புரதமும்



தைப்பூசத்தன்று சிங்கப்பூர் தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை அடியார்கள் காவடி சுமந்து செல்வதைக் கண்டவர்கள் நம்மிடையே உண்டு. ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நடை. அவர்களுள் பலர் பல நாட்களாக ஒரு வேளை மரக்கறி உணவே உட்கொண்டவர்கள். விரதத்தின் சமயப் பொருளை உரைக்கச் சான்றோர் உளர். அவ்வேளையில் தசைக்கு நேர்வதை மட்டுமே நாம் இங்குக் கூற முற்படுகிறோம்.

சீவிய இடத்தில் புதுப்பட்டை வளர்வதை நீங்கள் நன்கறிவீர்கள். நம் உடலிலும் நாள்தோறும் ஏறக்குறைய 300 கிராம் புரதம் சிதைந்து, அதற்கீடாகப் புதியது ஆக்கப்படுகிறது. சிதைந்ததில் பெரும்பகுதி மீண்டும் பயன்படும். குறைவதை உணவு ஈடுசெய்யும். உணவே இல்லையெனில், கல்லீரலில் சேமித்த சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். மூளைக்கோ சர்க்கரை வேண்டும். அப்போது இரத்தத்தில் இன்சுலின் தாழ்ந்து, தசையில் புரத ஆக்கம் மந்தமாகிறது, சிதைவு மேலோங்குகிறது. அவ்வாறு வெளிப்படும் அமினோ அமிலங்களைக் கல்லீரல் சர்க்கரையாக மாற்றுகிறது. முழுப்பட்டினியின் முதல் நாட்களில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 75 கிராம் புரதம் இப்படிக் கரையும். பின்னர்க் கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்களை மூளை ஏற்கப் பழகுவதால் இழப்புப் படிப்படியாகக் குறைகிறது. உடலின் இச்சிக்கனம் வியப்புக்குரியதே!

ஒரு வேளை உண்ணும் விரதம் முழுப்பட்டினியன்று. ஆயினும் அவ்வொரு வேளையும் வெறும் சோறும் இரசமுமாக இருப்பின், அதிகாலையில் மரம் சீவி, பால்வாளி சுமக்கும் உடல் தன் தசையையே செலவிட நேரும். அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. உடலால் அதனை ஆக்கிக்கொள்ள இயலாது. பருப்பிலோ அது மிகுதி. ஆகவே சோற்றுடன் கெட்டியான பருப்பு, கடலைச் சுண்டல், தயிர் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பருப்பைக் குறைத்துப் புளியையும் மிளகாயையும் கூட்டுவது நம் வீடுகளில் காணும் தவறான சிக்கனம். காவடி இறக்கிய பின்னரும் இவ்வுணவைத் தொடர்ந்தால் தசையில் புரத ஆக்கம் மீண்டும் பெருகும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்போரும் கருவுற்ற தாய்மாரும் விரதம் தொடங்குமுன் மருத்துவரைக் காணவேண்டும். மருந்தைத் தாமாகவே நிறுத்தலாகாது.